மெஷினில் அடித்த ஒரே கடிதம்

போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு போன் கடையில், நான் நான்தானா என்று ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிம் மாற்றப் போயிருந்தேன். ஒரு கண்ணாடிப் பலகையை என் பக்கம் தள்ளி, "விரலால சைன் வையுங்கோ அன்ரி" என்றாள். வைத்தேன். என் அடையாள அட்டையைப் பார்த்தாள். "இது அது மாதிரி இல்லையே." திரும்ப வைத்தேன். அது முதல் வைத்தது மாதிரியும் இல்லை.

"மகள், அந்த அட்டையில கையெழுத்து வச்சவளுக்கு அப்ப முப்பது வயசு. அவள நான் இப்ப எங்க போய்த் தேடுறது?" என்றேன். பிள்ளை சிரித்துக்கொண்டு மூன்றாவதை ஏற்றுக்கொண்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்தேன். கையெழுத்தையும் போன வருடம் எழுதிய ஒரு கடிதத்தையும் தவிர, வேறு எதையாவது கடைசியாகக் கையால் எப்போது எழுதினேன்? என் வயதுக்காரர்களே, நீங்களும் யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு வீடுகளில் வேலை செய்த காலத்தில் விமான நிலையப் படிவங்களை நிரப்பியிருக்கிறேன். அம்மாவுக்குக் கடிதம் எழுதவில்லை, கசெட்டில் பேசி அனுப்பினேன். இப்போது போனில் பேசினால் அதுவே எழுத்தாக்கிவிடுகிறது. என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது பெரிய உதவி. பிழை விட்டாலும் போன்தான் விட்டது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த வருடம் கடல் கொந்தளிக்கத் தொடங்கிய மாதங்களில், அக்காவைக் கொழும்புக்கு எடுப்பதற்காக அம்மா ஒரு கடிதம் அனுப்பினாள். அது மட்டும் என் கையால் போகவில்லை, மெஷினில் அடித்துப் போனது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அப்பா செத்து, தோட்டத்தில் வேலை நாட்களும் குறைந்தபோது, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தாள். பன்னிரண்டு வயது அக்காவைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே, அம்மாவின் அண்ணனான மாமா வீட்டில் விட்டாள். அத்தைக்குக் கைக்குழந்தை இருந்தது, தூக்க ஒரு ஆள் வேண்டும். "ஆறே மாசம்" என்று அம்மா சொன்னாள். இரண்டு வருடம் போய்விட்டது.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு அறை. கதவைத் திறந்தால் பாய், பாய் முடிந்தால் அடுப்பு. அம்மா வெள்ளவத்தையில் வேலை செய்தாள். காலையில் இரண்டு வீடுகள், மத்தியானம் ஒரு டைப்பிங் கிளாஸ். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். டைப்பிங் கிளாஸ் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டு மேல்மாடியில் இருந்தது. பத்து மெஷின்கள் இருந்தன. எட்டு இங்கிலிஷ், இரண்டு தமிழ். சன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது மேசைகள் நடுங்கும். டைப்பிங் படிக்க வந்த, பின்னல் போட்ட அக்காமார் எல்லாரும் தட்டுவதை நிறுத்திவிட்டு ரயிலைப் பார்ப்பார்கள்.

"ரெயில் என்ன, உங்களைப் பொம்பிளை பாக்க வருதோ? அடியுங்கோ!" என்பார் மாஸ்டர்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குடும்பம் ஊரில், அவர் மட்டும் கீழறையில். நல்ல மனிதர். அம்மாவை ஒருநாளும் ஏசியதில்லை. நான் மெஷினைத் தொட்டாலும் ஏசமாட்டார், "கையைக் கழுவிப்போட்டுத் தொடு" என்பார், அவ்வளவுதான்.

அந்த மெஷினின் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எண்ணெயும் கார்பன் தாளும் கடல் உப்பும் கலந்த வாசனை. ஒவ்வொரு வரி முடியும்போதும் மணி அடிக்கும். அம்மா தரையைக் கூட்டும்போது நான் தமிழ் மெஷினுக்கு முன்னால் நின்று எழுத்துகளைத் தேடுவேன். பள்ளிக்கூடத்தில் அ, ஆ என்று வரிசையாக நின்றவர்கள் இங்கே சந்தையில் போல ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம் புள்ளி. நாங்கள் 'க' எழுதிவிட்டு மேலே புள்ளி வைப்போம். மெஷினில் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். தாள் நகராமல் காத்திருக்கும். பிறகு எழுத்து வந்து அதன் கீழே உட்காரும். தொப்பியை வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனாலும், "அப்ப மெஷினுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும்போல" என்றாள்.

மாஸ்டர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தபாலட்டையில் மனைவிக்கு எழுதுவார். எறும்பு மாதிரிச் சின்ன எழுத்து, ஓரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி எழுதுவார். ஒருநாள் கேட்டேன், "ஏங்கய்யா, பத்து மெஷினு இருக்கே. அதுல அடிக்கலாமே?"

"விசரி. வீட்டுக்கு ஆரும் மெஷினில எழுதுவினமோ? அவ, எனக்கு ஏதோ நடந்துபோச்செண்டு நினைச்சுப்போடுவா."

இதை அவர் சொன்னது எனக்கு நல்ல நினைவு. பிறகு நடந்ததோடு சேர்த்துப் பார்க்கத்தான் ஐம்பது வருடம் எடுத்தது.

அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் நான் எழுதுவேன். அம்மா சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுவேன். என் எழுத்து பெரிது, எல்லாம் இடப்பக்கம் சாயும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே விழும். மாமா அதைப் பார்த்து, "கோழி கிண்டுன கடுதாசி வந்திருச்சு" என்று லயத்துக்கே கேட்கச் சொல்வாராம். அக்காதான் பதிலில் அதை எழுதினாள். அக்காவின் பதில்களும் சின்னவைதான். தம்பிக்குப் பல் முளைத்துவிட்டது, அத்தைக்கு இருமல், பங்குனியில் பூசை.

ஒரு பதில் அப்படி இருக்கவில்லை. அந்த வருடங்களில் இரண்டு சர்க்காரும் பேசி, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுதியிருந்தது இது: மாமா குடும்பத்துக்கு இந்தியா போகக் கடிதம் வந்துவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் கப்பல், மாமா அப்ளிகேசனில் என்னையும் தன் மகள் என்று போட்டிருக்கிறார், நானும் போக வேண்டுமாம், அம்மாவைக் கேள். நான் வாசித்து முடித்தும் அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினோம். வேண்டாம் அண்ணே, எம்புள்ள பேர வெட்டிருண்ணே என்று. பத்து நாளில் அக்காவின் பதில் வந்தது. மாமா சிரித்தாராம். "சின்னப் புள்ள கிறுக்குற கடுதாசிக்கெல்லாம் சர்க்கார் பேர வெட்டுமா?" என்றாராம்.

"நேர்ல போவமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"போனா அண்ணன் பேசும். அது பேச ஆரம்பிச்சா எனக்கு வாயே வராது. தலைய ஆட்டிட்டுத் திரும்பி வந்துருவேன்" என்றாள். பாயை விரித்துக்கொண்டே, "மெஷின்ல அடிச்சா?" என்றாள்.

தோட்டத்தில் மெஷினில் அடித்த தாளுக்கு இருந்த மரியாதை அவளுக்குத் தெரியும். துரையின் கந்தோரில், அதாவது ஆபீசில், ஒட்டுகிற தாள், ஆஸ்பத்திரித் தாள், கோர்ட்டுத் தாள். அந்தத் தாள் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். தன் அண்ணனும் கேட்பார் என்று நினைத்தாள்.

மறுநாள் மாஸ்டரிடம் போய், கூட்டுமாறைக் கையில் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் உடனே தமிழ் மெஷினில் தாளைச் சொருகினார்.

"நீர் விஷயத்தைச் சொல்லும். நான் அடிக்கிறன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அண்ணே, எம்புள்ளய எங்கிட்டயே அனுப்பிருண்ணே. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட, நான் இல்லன்னு சொல்லல. அவ அப்பன் போன நாள்லருந்து அவ மூஞ்சிலதான் அவரப் பாக்குறேன். தண்ணியத் தாண்டிப் போயிட்டா நான் எங்கிட்டுப் போயிப் பாப்பேன்?"

மாஸ்டர் அடிக்கவில்லை. "உப்பிடி எழுதினா ஒருத்தனும் மதியான். பொறும், நான் முறையா எழுதித்தாறன்" என்றார். பிறகு விறுவிறு என்று அடித்தார். பின்னல்கார அக்காமார் சுற்றி நின்று பார்த்தார்கள். முடித்துவிட்டு உரக்க வாசித்தார். தங்களுக்கு இத்தால் அறியத்தருவது யாதெனில், தங்களது பாதுகாப்பிலுள்ள எனது மூத்த புதல்வியை அடுத்த மாத முதலாம் ஞாயிறு முற்பகல் பத்து மணிக்குக் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் என்னிடம் ஒப்படைக்குமாறும், தங்களது விண்ணப்பத்திலிருந்து அன்னாரின் பெயரை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறும் பட்சத்தில் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.

"மேல்நடவடிக்கைன்னா என்னங்கய்யா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. சும்மா ஒரு வெயிற்றுக்கு."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அது மிக அழகாக இருந்தது. ஓரம் எல்லாம் நேராக, ஒரு எழுத்தும் சாயாமல். இதற்கு எதிராக நான் என்ன சொல்வது? கீழே அம்மா பெருவிரலை வைத்தாள். மாஸ்டர் கடிதவுறை எடுக்க அலுமாரிக்குப் போன நேரத்தில், என் காது இடுக்கில் இருந்த பென்சிலை எடுத்து, அடியில் இரண்டு வரி எழுதினேன். எழுதியதும் தாளை நானே மடித்துவிட்டேன்.

மாஸ்டர் நீளமான பழுப்புக் கடிதவுறை ஒன்றோடு வந்தார். "அட்ரஸ் நான் எழுதுறேங்க. எப்பவும் நான்தான் எழுதுவேன்" என்றேன்.

"கடிதம் கோட்டுச் சூட்டோட போகேக்க, உறை மட்டும் கோவணத்தோட போறதோ?" என்றார். அக்காமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவர் உறையை இங்கிலிஷ் மெஷினில் சொருகி மாமாவின் பெயர், தோட்டம், ஊர் எல்லாம் இங்கிலிஷில் அடித்தார். இங்கிலிஷ் என்றால் தபாற்காரன் தொலைக்கமாட்டானாம். எனக்கு அழுகை வந்தது. சன்னலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தியாவுக்குப் போகிற கப்பல் அந்தச் சன்னலுக்கு முன்னால்தான் போகும் என்று நான் நம்பியிருந்தேன். அது தலைமன்னாரிலிருந்து போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுவதும் தவறான கடலைக் காவல் காத்தேன்.

பதில் வரவில்லை. "மெஷினில அடிச்ச கடிதத்துக்குப் பதில் எழுத மாட்டினம். சொன்னதைச் செய்வினம்" என்றார் மாஸ்டர். அம்மா காத்திருந்தாள். முன்னர் போல மறுபடி எழுதச் சொல்லவில்லை. மெஷின் சொன்ன பிறகு நாங்கள் என்ன சொல்வது?

முதலாம் ஞாயிறு கோட்டை ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா அக்காவுக்காக ஒரு சீனிப் பணிஸ் வாங்கித் தாளில் சுற்றி வைத்திருந்தாள். பத்து மணி ரயில் வந்தது. பிறகு மத்தியானத்தில் ஒன்று. பிறகு பின்னேரம். ஒவ்வொரு ரயிலிலும் மலைநாட்டுக் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டைகளோடு ஆட்கள் இறங்கி, வெயிலில் நின்று கழற்றினார்கள். அக்கா இறங்கவில்லை. கடைசியில் அம்மா பணிஸை எனக்குத் தந்தாள். நான் சாப்பிட்டேன். பசிதான், வேறென்ன.

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போகாமல் தோட்டத்துக்கு ரயில் ஏறினாள். லயத்து அறை பூட்டியிருந்தது. தேதியை முன்னுக்குத் தள்ளிவிட்டதாகத் தோட்டத்துக் கந்தோரில் கூப்பிட்டுச் சொன்னார்களாம், போய் நான்கு நாள் ஆகிவிட்டது. பக்கத்து அறைக்காரி, "கடுதாசி வந்துச்சே, பெரிய கடுதாசி. வாங்கினாங்களே" என்றாளாம். அதைக் கேட்டுக்கொண்டு அம்மா திரும்பி வந்தாள்.

கடிதம் கிடைத்திருக்கிறது. அப்படியும் கொண்டுபோய்விட்டார். அம்மாவுக்கு அதற்குப் பிறகு அண்ணன் இல்லை. இரண்டு வருடம் கழித்து இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது, மாமாவின் கையெழுத்து. "வாசிக்காத" என்றாள். அடுப்பில் வைத்தாள். மூலை கருகி முத்திரை சுருண்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவரி அதோடு போய்விட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். ஹெந்தளையில் நூல் சுற்றினேன், நுகேகொடையில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்தேன், பிறகு கடல் தாண்டினேன். நான்கு நாட்டில் பன்னிரண்டு வீடு. இதில் பெரிய துயரம் ஒன்றும் இல்லை, சில வீடு நல்ல வீடு, சில வீடு இல்லை. அம்மா நான் குவைத்தில் இருந்தபோது போய்விட்டாள். கடைசிவரை அண்ணன் பெயரைச் சொல்லவில்லை என்று பக்கத்து அறைக்காரர்கள் சொன்னார்கள்.

போன வருடம், எங்கள் தோட்டத்து ஆள் ஒருத்தர் கோயில் கோயிலாகச் சுற்றிவர இந்தியா போனார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் வாயைக் கொடுத்து, ஊர் விசாரித்து, கடைசியில் ஒரு போன் நம்பரோடு வந்தார். போட்டேன்.

"நீயாடி?" என்றாள் அக்கா. குரல் அம்மாவின் குரல். "ஏன்டி, கப்பல் ஏறுறதுக்கு முன்னால ஒரு மாசம் நீ கடுதாசியே போடல? தபால்காரர் வர்ற நேரத்துக்குத் தினமும் ரோட்டுக்கு வந்து நின்னேன்டி. அம்மாவுக்கு நான் வேணாம்னு நெனச்சேன்."

"போட்டோமே அக்கா. மெஷின்ல அடிச்சு, நீளக் கவர்ல."

"நீளக் கவரு" என்று தனக்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அது நீங்க போட்டதா? அத நான்தான்டி கையில வாங்குனேன். இங்கிலீசு. நான் எங்க படிக்க? மாமாகிட்ட குடுத்தேன். அதுக்கு முன்னால மெஷின் கடுதாசி மூணு வந்திருந்துச்சு. ஒண்ணுல வேலை போச்சு. ஒண்ணுல அப்ளிகேசன் இல்லன்னுட்டாங்க. மூணாவதுலதான் தேதி குடுத்தாங்க. இது நாலாவது. இதப் பிரிச்சா தேதி போயிரும், பிரிக்காட்டி நமக்கு வரலன்னு அர்த்தம்னு சொல்லி, மாமா பொட்டியில வச்சுப் பூட்டிட்டாரு."

எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம்தான். கெட்ட தாளைப் பிரிக்காவிட்டால் அது இன்னும் வந்துசேரவில்லை. ஆனால் மெஷினில் அடித்ததை எறியவும் மாட்டார்கள்.

எறிந்திருக்கவில்லை. மாமா செத்த பிறகும் அந்தத் தகரப் பெட்டி அத்தையிடம் இருந்து, இப்போது அக்காவிடம் இருக்கிறது. கப்பல் தாள்களோடு, துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். அடுத்த நாள் பேத்தியைக் கொண்டு போனில் முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டாள். கையில் பழுப்புக் கடிதவுறை. ஒட்டிய இடம் பிரியவே இல்லை.

"பிரிக்கவா?"

"பிரி."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள். இத்தால் அறியத்தருவது யாதெனில். ஒப்படைக்குமாறும். அன்னாரின் பெயரை. மேல்நடவடிக்கை. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத மட்டும் மாமா பிரிச்சுப் படிச்சிருந்தா, என்னைய போலீசுல குடுத்துட்டு ஒரே ஓட்டமா ஓடியிருப்பாருடி."

இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்குப் பல் இல்லை, எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பேத்தியும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள். பிறகு அக்கா தாளின் அடியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

பென்சில் மங்கியிருந்திருக்கும். எனக்கே நான் எழுதியது மறந்துபோயிருந்தது. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அக்கா வா. இங்கே சன்னலில் கடல் தெரியும். படுக்கச் சுவர்ப் பக்கம் உனக்கு.

லயத்தில் சுவர்ப் பக்கத்துக்குத்தான் நாங்கள் ஒவ்வொரு இரவும் அடிபடுவோம். அடுத்த அறை அடுப்புச் சுவர் அது, சூடாக இருக்கும்.

"கோழி கிண்டுனதுதான்" என்றாள். "இது கவருக்கு மேல இருந்திருந்தா ரோட்டுலயே பிரிச்சிருப்பேன்."

போனை வைக்கும் முன், "பதில் போடு" என்றாள். "போன்ல வேணாம். வாயால சொல்லி மெஷின எழுத வைக்காத. நீ எழுது."

எழுதினேன். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆனது. விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றன, வரி இன்னும் இடப்பக்கம்தான் சாய்கிறது. உள்ளே என்ன எழுதினேன் என்பது எங்கள் விஷயம். கடிதவுறையின் மேல் அவள் பெயரையும் ஊரையும் நான்கு வரியில் எழுதிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மே, எழுத்து விளங்குது இல்ல. நான் டைப் பண்ணி இதுக்கு மேல ஒட்டவா? நல்லா இருக்கும்."

"ஒட்டுங்க மகளே. பின்பக்கம் ஒட்டுங்க" என்றேன். "முன்பக்கம் அப்பிடியே இருக்கட்டும். அத வாங்குறவளுக்கு விளங்கும்."